விருதம்பட்டு முனை, இரவு இரண்டு பத்து

பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம்
இடது காலை எப்போது எடுத்து வைப்பதென்று சொன்னார்கள்.
பிரிவு எண்கள் மனப்பாடம்.
லத்தியின் நீளம், தொப்பியின் சாய்வு.
தேர்வில் எனக்கு எழுபத்தொன்று.
டார்ச்சை எங்கே அடிப்பது என்பது
எந்தத் தாளிலும் வரவில்லை.

அது பாலாற்றுப் பாலத்தின் இந்த முனையில் வந்தது.
முதல் வாரம் நம்பர் பிளேட்டில் அடித்தேன்.
அடுத்த வாரம் கைகளில்.
மூன்றாம் வாரம்
என்னைக் கேட்காமலே வெளிச்சம்
நேராகக் கண்ணுக்குப் போயிற்று.
கண் கூசுகிறவன் தலையைக் குனிகிறான்.
குனிந்த தலையோடு பேசுவது சுலபம்.

காரை நிறுத்தினால் கண்ணாடி இறங்கும்வரை
நான் நிற்க வேண்டும்.
உள்ளிருந்து குளிர்காற்றும் யாரோ ஒருவரின் பெயரும்
சேர்ந்தே வரும்.
மொபெட்டுக்குக் கண்ணாடி இல்லை.
விடிவதற்குள் இருபது கேஸ் வேண்டும்.
எந்த வண்டிக்கு நீளுவதென்று
கைக்கே தெரிந்துவிட்டது.

முனிரத்தினம்.
மேல்விஷாரம் தோல் ஷாப்பில் இரண்டாவது ஷிப்ட்.
முதல் இரவு, நான் கையைத் தூக்குமுன்பே
இறங்கிவிட்டார்.
கேட்குமுன் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.
டிபன் பாக்ஸைத் திறந்தார்,
மூலையில் சப்பிப்போட்ட ஊறுகாய்த் தோல்.
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத்
தார் ரோட்டில் நின்றார்.
அதை நான் சொல்லவில்லை.
எனக்கு முன்னால் இங்கே நின்ற யாரோ,
அவருக்கும் முன்னால் யாரோ
இந்த உடம்பில் எழுதி
என்னிடம் அனுப்பிவைத்திருக்கிறார்கள்.
அவர் நின்ற நிற்பைப் பார்த்துத்தான்
நான் எப்படி நிற்பதென்று தெரிந்துகொண்டேன்.

“எங்கேர்ந்து வர்ற?”
‘வர்றீங்க’ என்றுதான் நாக்கிலிருந்து கிளம்பியது.
பல்லுக்கு வரும்போது ‘ங்க’ இல்லை.
“ஷாப்லேர்ந்து வந்துகினு இருக்கம்மா.”
“கையில இன்னா நீலம்?”
“தோலு மருந்தும்மா. போவாது.”
“எந்த ஊரு?”
“கழிஞ்சூரு.”
“கழிஞ்சூர்ல எங்க?”

இதற்கு அப்புறம் ஒரு சின்ன மௌனம் வரும்.
கேட்பது தெருவை அல்லவென்று
அவருக்கும் தெரியும்.
குடியாத்தத்தில் ஹாஸ்டல் சேர்க்கையின்போது
என்னையும் ஒருத்தி இப்படிக் கேட்டாள்,
நான் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றேன்.
இவர் ஆக்சிலேட்டரைத் திருகுகிறார்,
அணைந்த வண்டியில்.

எழுதிக்கொண்டேன்.
பெயர், தகப்பனார் பெயர், வண்டி எண், செல்.
காரணம் என்றொரு கட்டம் இல்லை.
நோட்டு அச்சடித்தவர்கள் இடம் விடவில்லை.
விளிம்பில் ‘சந்தேகம்’ என்று போடுவோம்.
தூக்கம் வந்தால் ‘ச’ மட்டும்.

நாற்பத்தோரு இரவு.
பெயர் தெரியும், நம்பர் தெரியும்,
மகள் பாலிடெக்னிக்கில் படிப்பது தெரியும்.
இருந்தும் கேட்டேன், “பேரு?”
அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொன்னார்,
ஓரெழுத்து பிசகினாலும் ஆகாதென்பதுபோல
நிதானமாக.

நாற்பத்திரண்டாவது இரவு, இரண்டு பத்து.
வரவில்லை.
இரண்டரை. காட்பாடிப் பக்கம் ரயில் கூவியது.
ஆஸ்பத்திரிக்கு வந்த வடக்கத்தி ஜனம்
ஒரே ஆட்டோவில் ஏழு பேர். நிறுத்தினேன்.
நான் கேட்டது அவர்களுக்குப் புரியவில்லை.
உறையிலிருந்து எக்ஸ்ரேயை உருவி
என் டார்ச்சுக்கு எதிரே பிடித்தார் ஒருவர்.
யாருடைய நெஞ்செலும்போ.
எதைத் தேடுவதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
போ என்றேன்.

காலையில் டூட்டி முடித்து
காங்கேயநல்லூர் கரையோரம் ஸ்கூட்டியில் போனேன்.
சத்துவாச்சாரிப் பக்கமிருந்து ஆற்றுக்குக் குறுக்கே
மணலில் ஒற்றைச் சக்கரத் தடம்.
ஆளை ஏற்றி வந்த தடமில்லை, தள்ளி வந்தது.
பக்கத்திலேயே கால்கள்.
செருப்புப் போட்ட கால்கள்.
நடு ஆற்றில் ஓரிடத்தில்
ஸ்டாண்டு ஊன்றிய குழி, ஒரு பீடித் துண்டு.
யாருடையதாகவும் இருக்கலாம்.

எப்போது வண்டியை நிறுத்தினேன், தெரியவில்லை.
நோட்டு கையில் விரிந்திருந்தது.
பேனா மூடி
பல்லில்.